லட்சுமணசாமியின் ரிஜெக்‌ஷன் நோட்டு

என் சகலை லட்சுமணசாமியைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. யாரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால் நானே உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் காந்திபுரத்தில் ஜெராக்ஸ் கடை. ஊரார் எழுதியதை நகல் எடுத்துத்தான் பழக்கம், சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

அவர் பெரிய மனிதர் இல்லை. துடியலூர் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்டர். செய்து முடித்த பம்புகள் லாரி ஏறுவதற்கு முன்னால் அவர் மேஜைக்கு வரும். தட்டிப் பார்ப்பார், அளந்து பார்ப்பார், தண்ணீர் ஏற்றி எங்காவது கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்பார். சரியாக இருந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார், பம்ப் தன்பாட்டுக்குப் போய்விடும். சரியில்லை என்றால் சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, ரிஜெக்‌ஷன் நோட்டில் எழுதுவார். பதினாறு வருஷமாக இதே வேலை.

சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, வெர்னியர் காலிப்பர் இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று தட்டில் வைத்த முறுக்கை அதைக் கொண்டு அளந்து, "மூணு கரெக்டா இருக்குதுங்க, நாலாவது மட்டும் அண்டர்சைஸுங்க" என்று சொன்ன மாப்பிள்ளை இந்தக் கொங்கு மண்டலத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். கதவுக்குப் பின்னால் நின்ற லோகப்பிரியா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணமே முடிவானது. அவள் என் மனைவியின் தங்கை. அந்த வகையில் அவர் எனக்குச் சகலை ஆனார், மற்றபடி நான் ஒரு பாவமும் செய்யவில்லை.

வீட்டிலும் சிவப்பு அட்டை உண்டு. விசில் சரியாக வராத குக்கர், ஒரு கால் குட்டையான கட்டில் எல்லாவற்றிலும் அட்டை தொங்கும். ஒரு தீபாவளிக்கு நான் வாங்கிப்போன மைசூர்பாகு டப்பாவிலும் தொங்கியது. ஆறு மாதம் நான் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதை அவர் கவனிக்கவில்லை என்பதால் நானே மறுபடியும் பேச ஆரம்பித்தேன்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தன்ஷிகா பிறந்தாள். அந்தக் குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் மட்டும் மனுஷன் வெர்னியரை எடுத்து மேஜையில் வைத்துவிடுவார், குத்திவிடுமாம். அவளிடம் எந்தக் குறையும் அவர் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. அவள் பிடிவாதக்காரி என்று நான் சொன்னால், "ஸ்ட்ராங்கு மெட்டீரியலுங்க" என்பார்.

போன ஆடி மாதம் அவளுக்கு இரண்டரை வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தபோது நான்தான் தள்ளுவண்டியில் அன்னாசித் துண்டு வாங்கிக் கொடுத்தேன். மிளகாய்ப்பொடி வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கினேன். வண்டிக்காரர் கை கழுவினாரா, குழந்தை கை கழுவினாளா என்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை காலையில் காய்ச்சல். முக்கி முக்கிப் போனதில் சளி மாதிரி சீதம், அதில் கோடு கோடாக ரத்தம். லோகப்பிரியா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு நாச்சியம்மாளைக் கூப்பிட்டாள். நாச்சியம்மாள் மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"தொக்கம் உழுந்திருக்குதுங் தம்பி. ஊதி எடுத்துப்போட்டா செரியாப் போயிரும்."

தின்றது எதுவோ உள்ளே சிக்கிக்கொண்டது, அதை ஊதி வெளியே எடுக்க வேண்டும் என்பது அந்த வைத்தியம். அதற்கென்று இருக்கிற ஒரு அம்மாளிடம் போனார்கள். அந்த அம்மாள் குழந்தையின் காதில் ஊதி, வயிற்றைத் தடவி, கடைசியில் உள்ளங்கையில் ஒரு தேங்காய்த் துண்டை எடுத்துக் காட்டினார். நாச்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். லட்சுமணசாமி வெர்னியரை எடுத்தார்.

"பதினெட்டு மில்லிமீட்டருங்க. எங்க பாப்பா தொண்டைல இந்த சைஸு எறங்கவே எறங்காதுங்க. அதுவுமில்லாம இது கத்தியில வெட்டுன ஓரமுங்க, பல்லுல கடிச்சதில்லீங்க."

தேங்காய்த் துண்டை ரிஜெக்ட் செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இதைக் கேட்டபோது அவர் என் சகலை என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கிருந்து நேராக டாக்டரிடம் போயிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு பம்ப் கெட்டுப்போனால் விவரம் இல்லாமல் அவர் யாரிடமும் பேச மாட்டார். குழந்தைக்கும் அதே முறைதான் என்று நினைத்துவிட்டார்.

புது நோட்டு ஒன்றில் கட்டம் போட்டார். நேரம், நிறம், கெட்டி, சீதம், ரத்தம், சத்தம், குறிப்பு. குறிப்பில் "தாய் மேல்", "பாய் மேல்", "நாச்சியம்மாள் புடவை மேல்" என்று எல்லாம் பதிவாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் பதினோரு பதிவு. அது போதாதென்று, கோளாறு எங்கிருந்து வந்தது என்று கம்பெனியில் வரைகிற மீன்முள் படம் ஒன்றையும் வரைந்தார். முள் ஒவ்வொன்றிலும் ஒரு காரணம். "மனிதர்" என்ற முள்ளில் ஒரே ஒரு பெயர். என் பெயர்.

புதன்கிழமை விடிந்ததும் அவருக்கு வழி தெரிந்துவிட்டது.

"ஏனுங்க லோகு, உள்ள போனாத்தான வெளிய வரும்? சக்‌ஷனை மூடிப்போட்டா டெலிவரி தானா நின்னுபோகுமுங்க."

கிணற்றிலிருந்து உறிஞ்சுகிற பக்கம் சக்‌ஷன், வயலுக்குத் தள்ளுகிற பக்கம் டெலிவரி. எங்கள் ஊரில் இது பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். அதனால் தெருவில் ஒருவர்கூட அவரைத் தடுக்கவில்லை, நல்ல யோசனை என்று பாராட்டினார்கள். பாலை நிறுத்தினார், சோற்றை நிறுத்தினார், தண்ணீரையும் நிறுத்தினார். குழந்தை "தண்ணி, தண்ணி" என்று கேட்டபோது ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டார். லோகப்பிரியா சண்டை போட்டிருக்கிறாள். அவர் நோட்டைக் காட்டினார். காலையிலிருந்து இரண்டே பதிவு. நோட்டில் இருப்பதை யார் மறுத்துப் பேச முடியும்?

பதினொரு மணிக்கு என் கடைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"சகலை, இதை கலர்ல ஒரு காப்பி எடுத்து ஸ்பைரல் போட்டுக் குடுங்க. கிராஃப் பக்கத்துக்கு மட்டும் லேமினேசன். டாக்டர்கிட்டக் குடுக்கோணும்."

"கொழந்தை எப்புடி இருக்குதுங்க?" என்று தாள்களை நகல் எடுத்துக்கொண்டே கேட்டேன்.

"சூப்பருங்க. நேத்து பதினொண்ணு, இன்னிக்கு ரெண்டே ரெண்டு. நல்லாத் தூங்குது. காத்தால இருந்து அழுகைகூட இல்லீங்க. அழுதாலும் கண்ணுல தண்ணி வர்றதில்லீங்க, சத்தம் மட்டுந்தான்."

நான் டாக்டர் இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன். கண்ணீர் வராமல் அழுகிற குழந்தை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கடையை அப்படியே போட்டுவிட்டு அவரை வண்டியின் பின்னால் ஏற்றினேன். ஸ்பைரல் போடாத தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கவுண்டம்பாளையம் மேம்பாலத்தில் காற்று பிடுங்கியது.

"சகலை, நிறுத்துங்க! ஏழாம் பக்கம் பறந்துபோச்சுங்க!"

நான் நிறுத்தவில்லை. உன் ஏழாம் பக்கத்தில் இடி விழ என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். சொந்தக்காரரை அப்படித் திட்டியதற்கு இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

குழந்தை லோகப்பிரியாவின் தோளில் துணி மாதிரிக் கிடந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன, உதடு காய்ந்து வெடித்திருந்தது. பெரியப்பா என்று கூப்பிடக்கூட இல்லை. துடியலூரிலேயே ஆறு கட்டில் உள்ள ஒரு குழந்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாச்சியம்மாளும் கூடவே வந்தார்.

டாக்டர் சமீரா கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு கையால் குழந்தையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, மறு கையால் லட்சுமணசாமி நீட்டிய தாள்களை வாங்கிப் புரட்டினார்.

"எழுதிக்கிட்டு வந்தது நல்லதுங்க. ரத்தம், சீதம், காய்ச்சல் எல்லாம் தெளிவா இருக்கு. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

லட்சுமணசாமி தாள்களை வாங்கிப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால்.

"அது எழுதலீங்க டாக்டர்."

"ஏங்க?"

"அது ரிஜெக்‌ஷன் இல்லீங்களே."

டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து விட்டுப் பார்த்தார். தோல் உடனே இறங்கவில்லை, மடிப்பு மெதுவாகத்தான் மறைந்தது. "நேத்து ராத்திரிக்கு அப்புறம் போகவே இல்லீங்க" என்று லோகப்பிரியா சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. சக்‌ஷனை மூடுவதாகத் தண்ணீரை நிறுத்திய விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது.

டாக்டர் நர்சிடம் ஊசியும் பாட்டிலும் கொண்டுவரச் சொல்லிவிட்டு லட்சுமணசாமி பக்கம் திரும்பினார்.

"நீங்க பம்ப் கம்பெனிதானே? கெணத்துல தண்ணி இல்லாம மோட்டாரை ஓடவிட்டா என்னங்க ஆகும்?"

"மோட்டார் காயில் எரிஞ்சுபோகுமுங்க" என்று கேள்வி முடிவதற்கு முன்னால் பதில் சொன்னார். சொன்னது தன் காதில் விழுந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குடல்ல கிருமி புகுந்து புண்ணாக்கிருச்சு. அதுதான் ரத்தமும் சீதமும். அந்தக் கிருமிக்கு நான் மருந்து குடுத்துருவேன். ஆனா கொழந்தைக்கு வேண்டியது தண்ணி. போகப் போக ஊத்திக்கிட்டே இருக்கணும், உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனா. சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. இன்னிக்குக் கொறஞ்சுதே, அது குணமாகி இல்லீங்க. வெளிய வர்றதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல." கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஒண்ணுக்குப் போயிட்டா கவலை இல்ல. போகலைன்னா கிட்னிக்கு ஆபத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தியாகணும்."

அப்போது மணி பன்னிரண்டரை. எங்கள் குடும்பம் மொத்தமும் ஒரு சொட்டு மூத்திரத்துக்காகக் காத்துக் கிடந்தது. கையில் பாட்டில் ஏறியது. குழந்தைக்கு டயப்பர் போடாமல், அடியில் வெள்ளைத் துணி விரித்து, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று அதையே பார்த்தோம். லோகப்பிரியா "ஸ்ஸ்ஸ்" என்று ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் மற்ற ஐந்து கட்டில்காரர்களும் எங்களுக்காக "ஸ்ஸ்ஸ்" என்றார்கள். நாச்சியம்மாள் போய் மூலையிலிருந்த குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வருமாம். அந்த வார்டில் இருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கழிவறைக்குப் போய்வந்தார்கள். குழந்தை மட்டும் போகவில்லை.

லட்சுமணசாமி மட்டும் எந்தச் சத்தமும் போடவில்லை. கரைசலை ஸ்பூனில் எடுத்து, அவள் உதட்டில் வைத்து, விழுங்கும்வரை பார்த்து, அடுத்த ஸ்பூன் எடுத்தார். ஒரு தடவை வாந்தி எடுத்தாள். பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் ஆரம்பித்தார்.

"சகலை" என்றார் தலையைத் தூக்காமல். "நல்லா ஓடுறதை நான் எழுதுனதே இல்லீங்க. பதினாறு வருசமா அந்தப் பழக்கமே இல்லீங்க."

அன்னாசித் துண்டைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கடைசியில் மறுபடியும் "ஸ்ஸ்ஸ்" என்றேன்.

நாலு மணிக்குக் கம்பெனி முதலாளி நஞ்சுண்டன் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு, கையில் ஆரஞ்சுப் பை. அவருடைய மரியாதை துடியலூர் முழுக்கப் பிரசித்தம். குறுக்கே படுத்திருக்கிற நாயைக்கூட "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பார். வாட்ச்மேன் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். வந்ததும் எங்கள் எல்லோருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டார்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் விரிப்பை மாற்ற வந்தாள். குழந்தையை யாராவது வாங்க வேண்டும். லோகப்பிரியாவின் கையிலிருந்து முதலாளியே வாங்கிக்கொண்டார்.

"வாங்க அம்மணி, என்ற மடில உக்காருங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்து, துண்டை எடுத்துப் போர்த்தினார். நர்ஸ் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டாள். குழந்தையைத் திருப்பித் தருவார் என்று பார்த்தால், தரவில்லை. "இருக்கட்டுமுங்க, இருக்கட்டுமுங்க" என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு கம்பெனி விஷயம் பேச ஆரம்பித்தார். புது காஸ்டிங் வந்தது, ஷிமோகாவுக்கு லோடு போனது, கேண்டீனில் தோசைக்கல் மாற்றியது. லட்சுமணசாமி "ஆமாங்க ஐயா, செரிங்க ஐயா" என்று பதில் சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலே முக்காலுக்கு டாக்டர் உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். முதலாளி எழவில்லை. உட்கார்ந்தபடியே கும்பிட்டார். வாட்ச்மேனுக்கு எழுந்திருக்கிறவர் டாக்டருக்கு எழவில்லையே, இவ்வளவுதானா இவர் மரியாதை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போனாளா?" என்றார் டாக்டர்.

லோகப்பிரியா இல்லை என்று தலையை ஆட்டினாள். டாக்டர் குழந்தையின் நாடியைப் பிடித்துப் பார்த்து, நெற்றியைச் சுருக்கினார். "நாடி தேவலை. ஆனாலும் ரிஸ்க் எடுக்க வேண்டாம், ஆம்புலன்ஸ் சொல்லிடுறேன்."

லோகப்பிரியா சுவரில் சாய்ந்து விம்ம ஆரம்பித்தாள். முதலாளி பதறிப்போனார்.

"ஏனுங்க லட்சுமணசாமி, எதுக்குங்க ஆம்புலன்ஸு? கொழந்தை என்னைப் பாத்து இப்பத்தானுங்க சிரிச்சுது."

முதலாளி முன்னால் ஒண்ணுக்கு என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது? "சும்மா ஒரு டெஸ்டுக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு லட்சுமணசாமி குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கசிவைக் காதால் கண்டுபிடிக்கிற மனுஷன் அவர். சட்டென்று மண்டியிட்டு ஸ்டூலுக்கு அடியில் தலையை விட்டார். வேட்டி நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதை விரலால் தொட்டார். மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஐயா" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "இது எப்பங்க?"

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உக்காந்த கொஞ்ச நேரத்துலயே போயிருச்சுங்க. பச்சக் கொழந்தைங்க, அதுக்கு என்னங்க தெரியும்? சொன்னா உங்களுக்குச் சங்கடமாப் போயிருமேன்னுதான் துண்டைப் போட்டு மறைச்சுப்போட்டேன். அம்மணியை வையாதீங்க."

டாக்டர் ஓடிவந்து துண்டை விலக்கினார். லட்சுமணசாமி முதலாளியின் முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நனைந்த வேட்டியில் முகத்தைப் புதைத்து அழுதார். லோகப்பிரியாவும் வந்து அந்தக் காலிலேயே விழுந்தாள். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் முதலாளி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"நெறையப் போனாளாங்க ஐயா?" என்றார் லட்சுமணசாமி, முகத்தைத் தூக்காமலே.

முதலாளி தயங்கினார். குழந்தையைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

"நெறையத்தானுங்க" என்றார் மெதுவாக. "ரெண்டு தடவைங்க."